தொட்டிக்கரிக்கு ஹலால் சான்று: இது படிப்பா, பிழைப்பா?

காங்கேயம் கரி, 11 ஜனவரி 2025

இந்தோனேசியாவுல ஒரு சமையல் எண்ணெய் ஆலைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் (எண்ணெயில நிறம், நாத்தம் உறிஞ்சற கரி) அனுப்பப் பேச்சு நடக்குது. விலை, அயோடின் எண் (கரி எவ்வளவு உறிஞ்சும்ங்கற அளவு), ஈரப்பதம் எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. கடைசியில ஹலால் சான்று கேக்கறாங்க. தேங்காய்த் தொட்டியச் சுட்டு, நீராவி விட்டு எடுத்த கரியில ஹலால் என்ன, ஹராம் என்னங்க? இதுக்குன்னு ‘ஹலால் அறிவியல்’னு பல்கலைக்கழகத்துல துறையே வெச்சிருக்காங்களாம். சான்று விக்கறதுக்காக உண்டாக்கின படிப்புன்னு நான் சொல்றேன். இல்லைங்கறவங்க காரணத்தோட சொல்லுங்க.

சோதனைக்குழாய், 11 ஜனவரி, இரவு

எல்லாக் கரியும் தொட்டியில இருந்து வர்றதில்லீங்க. மாட்டு எலும்பைக் காத்துப் புகாத சூளையில சுட்டா எலும்புக்கரி. வெளிநாட்டுச் சர்க்கரை சுத்திகரிப்பு ஆலைகள்ல நிறம் எடுக்க நூறு வருசத்துக்கு மேல ஓடின சரக்கு. நம்ம பக்கத்து ஆலைகள் கந்தகப் புகை விட்டு வெளுக்கறதால இங்க அது யாருக்கும் ஞாபகத்துல இல்லை. வாங்கறவன் கைக்குப் போறது ஒரு மூட்டை கருப்புப் பொடி. அது தென்னையா, மரமா, நிலக்கரியா, எலும்பான்னு பார்த்துச் சொல்ல முடியாது. அவன் கேக்கறது அந்த ஒரு கேள்விதான்.

காங்கேயம் கரி, 12 ஜனவரி

எங்க சூளைக்குள்ள எலும்பு போனதே கிடையாதுங்க.

சோதனைக்குழாய், 12 ஜனவரி

அது உங்களுக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்? இதுக்கு டி.என்.ஏ. சோதனை உதவாது. 900 டிகிரிச் சூளையில போய்ட்டு வந்ததுல டி.என்.ஏ. ஒரு துணுக்கும் மிஞ்சாது. சாம்பல் சோதனையே போதும்.

காலிப் பீங்கான் குரூசிபிளை (சூடு தாங்கற சின்னக் கிண்ணம்) உலையில சுட்டு, டெசிகேட்டர்ல (ஈரம் ஒட்டாம வைக்கற மூடின ஜாடி) ஆறவெச்சு எடை போடுங்க. நல்லாக் காயவெச்ச கரிப்பொடி 1 கிராம் போட்டு, 650 டிகிரி மஃபிள் உலையில (ஆய்வகத்து மின் உலை) எடை மாறாத வரைக்கும் வைங்க. தொட்டிக்கரின்னா மிச்சம் 2 முதல் 5 சதவீதம். எலும்புக்கரியில கார்பனே பத்து சதவீதம் சுத்திதான். மத்ததெல்லாம் கால்சியம் பாஸ்பேட், கொஞ்சம் கால்சியம் கார்பனேட். அதனால பெரும்பகுதி வெள்ளையா அப்படியே நிக்கும். பார்த்த உடனே தெரியும்.

தப்பு வர்றது மூணு இடத்துல. சூடா இருக்கற குரூசிபிளை எடை போட்டா காத்து மேல எழும்பி எடை குறைச்சுக் காட்டும். ஈரத்தோட போட்டா சதவீதக் கணக்கு உதைக்கும். நைஸ் பொடியை நல்லாச் சூடேறின உலைக்குள்ள ஒரேயடியாத் தள்ளினா குப்புன்னு பறந்துரும். கம்மிச் சூட்டுல ஆரம்பிச்சு ஏத்தணும்.

சந்தேகம் தீரலைன்னா சாம்பலை நீர்த்த நைட்ரிக் அமிலத்துல கரைச்சு, அம்மோனியம் மாலிப்டேட் விட்டு லேசாச் சூடு பண்ணுங்க. மஞ்சள் வீழ்படிவு வந்தா பாஸ்பேட் இருக்கு.

மஞ்சள் மண்டி, 12 ஜனவரி

பாஸ்பேட்டை வெச்சு எலும்புன்னு முடிவு கட்டிராதீங்க. மரத்தூள்ல இருந்து கரி எடுக்கறவங்க பாஸ்பாரிக் அமிலம் விட்டுத்தான் துளை உண்டாக்கறாங்க. சரியாக் கழுவலைன்னா அதுலயும் மஞ்சளா விழும். கால்சியமும் சேர்த்துப் பார்க்கணும். எலும்புல ரெண்டும் கூட இருக்கும், அமிலம் விட்ட மரக்கரியில பாஸ்பரஸ் மட்டும் தூக்கலா இருக்கும். எக்ஸ்.ஆர்.எஃப். கருவி (எக்ஸ்-ரே விட்டு எந்தத் தனிமம் எவ்வளவுன்னு காட்டறது) இருந்தா ரெண்டு நிமிச வேலை.

சோதனைக்குழாய், 12 ஜனவரி

சரியான பாயிண்ட். கூட ஒண்ணு: நூத்துக்கு அஞ்சு பங்கு எலும்புக்கரி கலந்தா சாம்பல் நாலு பங்குதான் ஏறும். தொட்டிக்கரி சாம்பலே மண், மணல் ஒட்டறதைப் பொறுத்து அந்த அளவுக்கு ஆடும். கொஞ்சமாக் கலந்தா சாம்பல்ல மாட்டாது. அதனாலதான் சான்று தர்றவங்க மூட்டையைப் பார்க்கறதோட நிக்காம ஆலைக்குள்ள வர்றாங்க.

அவங்க கேக்கப் போறது இதுதான். பழைய கரியை வாங்கி அதே சூளையில மறுபடி சுட்டுத் தர்ற வேலை எடுக்கறீங்களா? எடுத்தா அது எங்க ஓடின கரி? சாராய ஆலையா, கிளிசரின் ஆலையா, ஜெலட்டின் ஆலையா? என்னைக் கேட்டா தொட்டிக்கரியில நிஜமான ஓட்டை இது ஒண்ணுதான். அடுத்து, குச்சி வடிவத்துல பிழியறதா இருந்தா ஒட்டுப்பொருள் என்ன? கடைசியா, மூட்டை புதுசா, வேற சரக்கு இருந்ததா? இந்த மூணுக்கும் எழுத்துல பதிலும் கொள்முதல் பில்லும் இருந்தா தணிக்கை சீக்கிரம் முடிஞ்சுரும்.

பணம் கட்டறதுக்கு முன்னால ஒரு விசயம். எந்தச் சான்று நிறுவனத்தோட காகிதம் செல்லும்னு வாங்கறவர் வாயாலயே சொல்ல வைங்க. இந்தோனேசியாவுல 2014ஆம் வருசத்துச் சட்டம் எண் 33 வந்த பின்னால ‘பி.பி.ஜே.பி.எச்.’ங்கற அரசு அமைப்புதான் கடிவாளம். அவங்க அங்கீகரிச்ச வெளிநாட்டு நிறுவனம் கொடுத்தாத்தான் எடுபடும். உள்நாட்டு உணவு, பானத்துல பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2024 அக்டோபர் 17 கெடு; இறக்குமதிக்கு 2026 அக்டோபர் 17 வரைக்கும் தள்ளியிருக்காங்க. அதனாலதான் எல்லாரும் இப்பவே காகிதம் சேக்கறாங்க.

கோட்டைமேட்டு ராவுத்தர், 13 ஜனவரி

இதுல ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டப் பக்கமும் இருக்கு. அதுல மத்ஹபுன்னு பல சட்டப் பிரிவு உண்டு. கொங்குல இருக்கற ராவுத்தருங்க ஹனஃபி. மலேசியா, இந்தோனேசியாவுல ஷாஃபி. அசுத்தமான ஒண்ணு எரிஞ்சு சாம்பலாகி முழுசா வேற பொருளா மாறிட்டா ஹனஃபி மத்ஹபுல அது சுத்தம். இதுக்கு இஸ்திஹாலான்னு பேரு. ஷாஃபியில அந்த வாசல் ரொம்பக் குறுகல்: மது தானாக் காடியா மாறினா, தோலைப் பதனிட்டா, இப்படி விரல்விட்டு எண்ணலாம், அந்தத் தோலுலயும் பன்றியும் நாயும் சேராது. அதனால ஹலாலா அறுக்காத மாட்டெலும்புக் கரிக்கு எங்க மார்க்கத்துலயே ரெண்டு பதில் உண்டு. ஆய்வகம் ‘இது எலும்பு’ங்கறதோட நிக்கணும். ‘ஆகுமா, ஆகாதா’ங்கறது அடுத்த மேசை.

வெள்ளகோவில் வம்பன், 13 ஜனவரி

அப்ப கல்லுப்புக்கும் முத்திரை குத்தணுமா பாய்?

கோட்டைமேட்டு ராவுத்தர், 13 ஜனவரி

குத்தி வித்தா வாங்கறவன் இருக்கான். குத்தணும்னு எந்தக் கிதாபுலயும் இல்லை.

சோதனைக்குழாய், 16 ஜனவரி (பொங்கலுக்கு அப்புறம்)

“சான்று விக்கறதுக்காக உண்டாக்கின படிப்பு”ங்கறதுக்கு வர்றேன். வரிசையைப் பார்த்தா அப்படித் தெரியலை. மலேசியாவுல பிரதமர் அலுவலகத்தோட இஸ்லாமிய விவகாரப் பிரிவு 1974லயே ஹலால் கடிதம் கொடுக்க ஆரம்பிச்சிருச்சு. அப்ப அது வெறும் காகிதம்தான். பின்னால ஆய்வகம் கிடையாது. படிப்பு வந்தது காகிதம் தோத்துப்போன இடத்துல.

1988ல இந்தோனேசியாவோட மலாங் நகரத்துல, பிராவிஜயா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் திரி சுசாந்தோ, கடையில விக்கற பல உணவுப் பொருள்கள்ல பன்றியில இருந்து வர்ற சேர்மானம் இருக்கலாம்னு எழுதினார். நாடே கலங்கிப் போச்சு, விற்பனை விழுந்துச்சு. எது சரி எது புரளின்னு சொல்ல யார் கையிலயும் கருவி இல்லை. 1989 ஜனவரி 6ல அங்கத்து உலமா சபை (மார்க்க அறிஞர்கள் சபை) ‘எல்.பி.பி.ஓ.எம்.’னு ஒரு ஆய்வு அமைப்பை ஆரம்பிச்சதுக்குக் காரணம் அதுதான்.

அடுத்தது 2001, அஜினோமோட்டோ. பலரும் இதைத் தப்பாச் சொல்றாங்க. உப்புல பன்றி எதுவும் கலக்கலை. அந்த உப்பைச் சுரக்கற பாக்டீரியா இருக்கு பாருங்க, அதை வளர்த்துப் பாதுகாக்கற ஊடகத்துல (அது தின்னு வளர்ற சத்துக் கலவை) ‘பாக்டோசாய்டோன்’னு ஒரு சோயாப் புரதம் சேர்த்தாங்க. அந்தச் சோயாவைச் சிதைக்கப் பயன்பட்ட என்சைம் பன்றிக் கணையத்துது. கடைசிச் சரக்குல தேடினா ஒண்ணும் கிடைக்காது. உலமா சபை ஆகாதுன்னுச்சு, சரக்கைக் கடையில இருந்து திரும்ப எடுத்தாங்க. அப்ப ஜனாதிபதியா இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித், அவரே பெரிய ஆலிம் (மார்க்க அறிஞர்), ஆகும்னார். அன்னிக்குத்தான் ‘கடைசிப் பொருளைச் சோதிச்சாப் போதும்’ங்கற நினைப்பு உடைஞ்சது. என்சைம் எங்கிருந்து, அந்த என்சைமை வளர்த்த ஊடகம் எங்கிருந்துன்னு பின்னாடியே போற ஒரு தனிப் பழக்கம் அங்கிருந்து வந்துச்சு. உணவு வேதியியல் பாடத்துல இதுக்கு இடம் இருந்ததில்லை.

தாய்லாந்து வேற வழி. பாங்காக்குல சூலலாங்கார்ன் பல்கலைக்கழகத்துல வினய் தஹ்லான்னு ஒரு கொழுப்பு ஆய்வாளர்; இந்தோனேசியாவோட முகமதியா இஸ்லாமிய இயக்கத்தை 1912ல ஆரம்பிச்ச அகமது தஹ்லானோட பேரன். 1990கள்லயே ஹலால் சோதனை ஆரம்பிச்சார். 2003ல தாய் அமைச்சரவை பணம் ஒதுக்கிச்சு, அடுத்த வருசம் ஹலால் அறிவியல் மையம் வந்துச்சு. முஸ்லிம்கள் சிறுபான்மையா இருக்கற நாடுங்கறதைக் கவனிங்க. அவங்களுக்கு இது ஏற்றுமதி விசயம். ஜி.எம்.பி. (நல்ல உற்பத்தி முறை), ஹாசப் (உணவுல ஆபத்து வர்ற இடங்களைக் கட்டுப்படுத்தற முறை) படிவங்களோட ஹலாலுக்கான கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் சேர்த்து ‘ஹால்-கியூ’ன்னு ஒரு முறையை ஆலைகளுக்குக் கொடுத்தாங்க.

மலேசியாவுல புத்ரா பல்கலைக்கழகத்துல 2006ல ஹலால் பொருள் ஆராய்ச்சி நிலையம். முதல் இயக்குநர் யாக்கோப் சே மான், அவரும் எண்ணெய், கொழுப்பு ஆள்தான். அங்கயே சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துல 2011ல ‘இன்ஹார்ட்’ங்கற ஹலால் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம். முதல் தலைமுறைல கொழுப்பு ஆட்கள் முன்னால நின்னது தற்செயல் இல்லை. பிஸ்கட்டுலயும் சாக்லேட்டுலயும் சேர்ந்த கொழுப்பு எதுன்னு கண்டுபிடிக்கறதுதான் அன்னிக்குத் தலைவலி.

மஞ்சள் மண்டி, 17 ஜனவரி

கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) விட்டுப்போச்சு. 1997லயே ஹலால்ங்கற சொல்லை லேபிள்ல எப்படிப் போடலாம்னு வழிகாட்டுதல் வந்திருச்சு. அப்புறம் 2011ல இஸ்லாமிய நாடுகளோட தரநிர்ணய அமைப்பு ‘ஸ்மிக்’ தன்னோட முதல் தரத்தை வெளியிட்டுச்சு. ஆனா ஒரே தரம் இன்னிக்கு வரைக்கும் வரலை. மலேசியாவுக்கு எம்.எஸ். 1500ங்கற அவங்க தரம், வளைகுடாவுக்கு வேற. ஒரே மஞ்சள் ஓலியோரெசினுக்கு (கரைப்பான் விட்டு எடுத்த மஞ்சள் சாறு) மூணு கோப்பு வெச்சிருக்கறவங்க ஈரோட்டுல இருக்காங்க.

மடத்துக்குளம், 19 ஜனவரி

தங்கச்சி பொண்ணு கோயமுத்தூர்ல பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடிக்கறா. மலேசியாவுல இந்தப் படிப்புக்குப் போலாமான்னு கேக்கறா. நாங்க முஸ்லிம் இல்லைங்க. சேத்துக்குவாங்களா? இங்கயே படிக்க முடியாதா?

சோதனைக்குழாய், 19 ஜனவரி

ஆய்வகத்துல உக்காந்து பிப்பெட் பிடிக்கறதுக்கு மதம் தடையில்லைங்க. அறுக்கறதுக்கும் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கறதுக்கும்தான் அந்த நிபந்தனை.

ஆனா நேரா அந்தப் பேர் இருக்கற பட்டத்துக்குப் போக வேண்டாம்னுதான் சொல்லுவேன். அந்தப் பேர்ல ரெண்டு விதப் படிப்பு ஓடுது. ஒண்ணு கருவியும் ரசாயனமும். இன்னொண்ணு ஹலால் சந்தைப்படுத்தல், நுகர்வோர் மனநிலை, கேள்வித்தாள் கொடுத்து டிக் வாங்கறது. ரெண்டாவதுல கட்டுரை எழுதறது சுலபம், அதனால குவியுது. கரிக்காரர் எரிச்சல்ல ஒரு நியாயம் அங்க இருக்கு. சேர்றதுக்கு முன்னால பாடத்திட்டத்துல ஆய்வக நேரம் எவ்வளவு, ஆய்வகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 (ஆய்வகத் தரத்துக்கான அங்கீகாரம்) இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

இங்கயும் வேலை நடக்குது, பேர்தான் வேற. ஹைதராபாத்துல ஐ.சி.ஏ.ஆர். இறைச்சி ஆராய்ச்சி நிலையம் எந்த மிருகத்து இறைச்சின்னு கண்டுபிடிக்கற வேலையை ரொம்ப நாளாப் பண்ணுது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில இறைச்சி அறிவியல் இருக்கு. மைசூர்ல சி.எஃப்.டி.ஆர்.ஐ.ங்கற உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கு. முதல்ல பகுப்பாய்வு வேதியியல், பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கற சோதனை), புள்ளியியல் கைக்கு வரட்டும். மத்தது மேல ஏறிக்கும்.

மடத்துக்குளம், 20 ஜனவரி

கடைசி வருசத்து புராஜெக்டுக்கு நம்ம ஊர்லயே பண்ற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.

சோதனைக்குழாய், 22 ஜனவரி

எந்த மிருகத்துக் கொழுப்புன்னு கண்டுபிடிக்கற வேலை பண்ணச் சொல்லுங்க. செலவு கம்மி, நம்ம ஊருக்குன்னு தரவும் வேணும்.

பல்லடம் பிராய்லர் கோழி, நாட்டுக்கோழி, வெள்ளாடு, எருமை, வெண்பன்றி. நம்ம பக்கம் வெண்பன்றிப் பண்ணை இருக்கறதால அஞ்சாவதும் கிடைக்கும். பண்ணைக்குப் பண்ணை தீவனம் மாறும். அதனால ஒவ்வொண்ணுலயும் வேற வேற இடத்துல இருந்து குறைஞ்சது பத்து மாதிரி. ஒரே கடையில பத்து வாங்கினா அது பத்து இல்லை, ஒண்ணு. கொழுப்பைச் சின்னதா நறுக்கி 90, 100 டிகிரியில உருக்கி, மெல்லிய துணியில வடிகட்டி, நீரற்ற சோடியம் சல்பேட் போட்டுத் தண்ணியை உறிஞ்சி, இருட்டு பாட்டில்ல மூடி ஃப்ரீசர்ல வைக்கணும்.

எஃப்.டி.ஐ.ஆர். கருவியில (அகச்சிவப்பு ஒளியை எங்க உறிஞ்சுதுன்னு காட்டறது) மாதிரி வைக்கற ஏ.டி.ஆர். தட்டு மேல ஒரு சொட்டு. அலைஎண் 4000ல இருந்து 650 வரைக்கும், பிரிதிறன் 4 (ரெண்டும் ஒரு செ.மீ.க்கு), ஸ்கேன் 32. ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவுல ஹெக்ஸேன், அப்புறம் அசிட்டோன் விட்டுத் துடைச்சு, வெறும் தட்டைப் புதுசா ஒரு தடவை எடுக்கணும். பார்க்க வேண்டிய இடம் 3006 பக்கத்துல ஒரு சின்ன மேடு, அப்புறம் 1117ம் 1098ம். 2001ல சே மானும் மிர்கானியும் லார்டை (உருக்கின பன்றிக் கொழுப்பு) கோழி, ஆடு, மாட்டுக் கொழுப்புல இருந்து பிரிச்சுக் காட்டினது இந்த மாதிரி வித்தியாசங்களை வெச்சுத்தான்.

சிக்கல் எங்கன்னா, கோழிக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் ரொம்பக் கிட்ட கிட்ட நிக்கும். ரெண்டுலயும் கொழுப்பு அமிலங்கள்ல ஓலிக் நாப்பது சதவீதம் சுத்தி, பால்மிடிக் கால்வாசி. லினோலிக்தான் கோழியில தூக்கலா இருக்கும், அதுவும் தீவனத்துல சோயா கூடினா இன்னும் ஏறும். மலேசியாவுல கட்டின கணக்கை நம்ம கோழி மேல போட்டா சுத்தமான கோழியையே சந்தேகப் பட்டியல்ல சேத்துரும். அதனாலதான் உள்ளூர் அளவீடு வேணுங்கறேன். இன்னொண்ணு, பாதி உறைஞ்ச கொழுப்பை வெச்சா ஸ்பெக்ட்ரம் மாறும்; எல்லா மாதிரியும் ஒரே சூட்டுல உருகி இருக்கணும். 3300 பக்கம் அகலமா ஒரு மேடு வந்தா தண்ணி போகலைன்னு அர்த்தம், தூக்கிப் போட்டுட்டு மறுபடி காயவைங்க.

உறுதிப்படுத்த ஜி.சி. (கொழுப்பு அமிலங்களை ஆவியாக்கித் தனித்தனியாப் பிரிக்கற கருவி). பன்றிக் கொழுப்புல 11,14-ஐகோசாடையீனோயிக் அமிலம் சின்னதா ஒரு சிகரமா நிக்கும், ஆடு மாட்டுல அநேகமா இருக்காது. அதைவிட நல்ல தடயம் பால்மிடிக் அமிலம் உக்காந்திருக்கற இடம். கொழுப்பு மூலக்கூறுல கிளிசரால் மேல அமிலங்கள் உக்கார மூணு இடம் இருக்கு. தாவர எண்ணெயில நடு இடத்துல நிறைவுறா அமிலம் இருக்கும். பன்றியில நடு இடத்தைப் பால்மிடிக் பிடிச்சுக்கும். ஓர அமிலங்களை லைபேஸ்ங்கற என்சைம் வெச்சு வெட்டிட்டு நடுவுல மிஞ்சறதைப் பார்க்கணும்.

வெள்ளகோவில் வம்பன், 22 ஜனவரி

அந்த லைபேஸ் எங்கிருந்து வருதுங்க?

சோதனைக்குழாய், 22 ஜனவரி

பன்றிக் கணையத்துல இருந்துதான். ஜெலட்டினை (எலும்பு, தோல்ல இருந்து எடுக்கற புரதம்) சோதிக்கறப்பத் துண்டாக்கற டிரிப்சின் என்சைமும் பெரும்பாலும் அங்கிருந்துதான். சிரிச்சுக்கங்க.

கோட்டைமேட்டு ராவுத்தர், 23 ஜனவரி

சோதனைக்குத்தானே, வாயில போடறதுக்கா? திருடனைப் பிடிக்கத் திருடன் வேணும்.

ஜெலட்டின் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க. எங்க ஆளுங்க ஜெலட்டின்ல செஞ்ச மாத்திரைக் கூட்டைப் பிரிச்சு மருந்தை மட்டும் தண்ணியில கலக்கிக் குடிக்கறாங்க. நீண்ட நேரம் மெதுவாக் கரையற மருந்தை அப்படிக் குடிச்சா ஆபத்துன்னு டாக்டர் சொல்றார்.

சோதனைக்குழாய், 25 ஜனவரி

டாக்டர் சொல்றதைக் கேளுங்க. உள்ள இருக்கற குருணைக்கு மேல பூச்சு இருக்கும். அதைக் கரைச்சோ நசுக்கியோ குடிச்சா நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே நேரத்துல இறங்கிரும். தாவர செல்லுலோஸ் கூடு போட்ட மருந்து இருக்கான்னு கேக்கறதுதான் சரி.

ஜெலட்டின்ல ஏ, பி ரெண்டு வகை. அமிலத்துல ஊறவெச்சு எடுக்கறது ஏ, பன்றித் தோல் பெரும்பாலும் இதுல. சுண்ணாம்பு மாதிரிக் காரத்துல நாள் கணக்கா ஊறவெச்சு எடுக்கறது பி, மாட்டெலும்பும் மாட்டுத்தோலும். சமமின்புள்ளி (புரதத்தோட மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகற பி.எச். அளவு) ஏ வகைக்கு 7, 9 அந்தப் பக்கம், பி வகைக்கு 5 பக்கம். ஆனா இது பதப்படுத்தின விதத்தைச் சொல்லுமே ஒழிய மிருகத்தைச் சொல்லாது. மீனையும் அமிலத்துல எடுக்கறாங்க. ரெண்டையும் கலந்தும் விக்கறாங்க.

பி.சி.ஆர்.ல போட்டா பாதி நேரம் ஒண்ணும் வராது. வேகவெச்சு வேகவெச்சு டி.என்.ஏ. பொடிப்பொடியா ஆயிருக்கும். நூறு எழுத்துக்குப் பக்கத்துல சின்னத் துண்டாத் தேடினா சில நேரம் கிடைக்கும். நம்பகமானது டிரிப்சின் விட்டு வெட்டி, எல்.சி.-எம்.எஸ்.ல (துண்டுகளைப் பிரிச்சு நிறை பார்க்கற கருவி) கொலாஜன் துண்டுகளைத் தேடறது; ஜெலட்டின் ஆகறது இந்தக் கொலாஜன் புரதம்தான். பன்றிக் கொலாஜனும் மாட்டுக் கொலாஜனும் வித்தியாசப்படற இடங்கள்ல இருந்து வர்ற பெப்டைட், அதாவது புரதத் துண்டுதான் அடையாளம்.

இங்கதான் இந்தத் துறையோட பெரிய பள்ளம். மாடுன்னு கருவி சொல்லும். அந்த மாட்டை யார், எப்படி அறுத்தாங்கன்னு எந்தக் கருவியும் சொல்லாது. “பன்றி டி.என்.ஏ. இல்லை”ங்கற ஆய்வறிக்கையை “ஹலால்”னு மொழிபெயர்த்து விக்கற சான்று நிறுவனம் எதுவா இருந்தாலும் ஏமாத்துதுன்னே வெச்சுக்கங்க.

மஞ்சள் மண்டி, 26 ஜனவரி

எதிர்ப்பக்கமும் உண்டு. பி.சி.ஆர். ரொம்பக் கூர்மை. கத்தி, பலகை, அரைக்கற மெஷின்ல முந்தின சரக்கு ஒட்டியிருந்தாலே பாசிட்டிவ். 2013ல ஐரோப்பாவுல மாட்டிறைச்சியில குதிரை இறைச்சி கலந்த விவகாரம் வந்தப்ப, 1 சதவீதத்துக்கு மேல இருந்தாத்தான் கணக்குன்னு வெச்சுக்கிட்டாங்க. கலப்படக் கேசுக்கு அது சரி. ஹலால்ல அப்படி ஒரு கோடு போட முடியுமா பாய்?

கோட்டைமேட்டு ராவுத்தர், 26 ஜனவரி

பன்றி விசயத்துல போட மாட்டாங்க. சாராயத்துல போட்டிருக்காங்க. இந்தோனேசிய உலமா சபையோட 2018ஆம் வருசத்து 10ஆம் எண் ஃபத்வா 0.5 சதவீதத்தைக் கோடா வெச்சுது. பழம் தானாப் புளிக்கறதுலயே கொஞ்சம் எத்தனால் வரும்ங்கறதை ஆய்வக ஆட்கள் காட்டினதாலதான் இந்த மாதிரிக் கோடு சாத்தியமாச்சு. ஆலிமும் வேதியியல்காரரும் ஒரே மேசைல உக்காந்ததுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

மஞ்சள் மண்டி, 28 ஜனவரி

மஞ்சள் பக்கம் கேட்டவங்களுக்கு (ரெண்டு பேர் தனிச்செய்தியில கேட்டிருந்தீங்க). மஞ்சத்தூள்ல பிரச்சினை எதுவும் இல்லை. ஓலியோரெசின்லதான் கவனம் வேணும். கரைப்பான் அசிட்டோனா, எத்தில் அசிடேட்டா, எத்தனாலான்னு கேப்பாங்க. எத்தனால்னா கரும்புச் சக்கைப்பாகுல இருந்து ஆலையில காய்ச்சினதுன்னு சப்ளையர் கடிதம் வேணும். மிச்சம் நிக்கற அளவும் சொல்லணும். அசிட்டோனுக்கு 30 பி.பி.எம்., ஹெக்ஸேனுக்கு 25.

எல்லாரும் கோட்டை விடறது தண்ணியில கரையற ரகத்துல. அதுக்குப் பாலிசார்பேட் 80 (எண்ணெயைத் தண்ணியில கலக்க வைக்கற பொருள்) சேக்கறோம், லேபிள்ல அதோட எண் ஈ433. அதுல இருக்கற ஓலிக் அமிலம் பாமாயில்ல இருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்புல இருந்தும் வரலாம். டிரம் மேல ஒண்ணும் போட்டிருக்காது. ஈ471ம் (மோனோ, டை கிளிசரைடு) அதே கதை. சப்ளையரை மாத்தினா அன்னிக்கே புதுக் கடிதம் வாங்கிருங்க. போன வருசத்துக் கடிதத்தைக் காட்டி இந்த வருசத்து டிரம்மைக் கணக்குல சேத்தா தணிக்கைல லாட் எண்ணை வெச்சே பிடிச்சுருவாங்க.

தீவன டாக்டர், 2 பிப்ரவரி

கொங்குல உக்காந்து ஹலால் பேசிட்டு இத்தனை நாளாக் கோழி வரலையே. சுருக்கமா.

மலேசியத் தரத்துல அறுக்கறதுக்கு முன்னால கோழிக்கு மின் மயக்கம் அனுமதி: 0.25 முதல் 0.50 ஆம்பியர், 3 முதல் 5 விநாடி. நிபந்தனை, மயக்கத்துல சாகக்கூடாது. தண்ணித் தொட்டி முறையில, மின்சாரம் ஓடற தண்ணியில தலை முங்கற மாதிரிக் கோழிகள் எல்லாம் தலைகீழா இணைச் சுற்றுல தொங்கும். ஒவ்வொண்ணோட மின்தடையும் வேற. ஈரக்கால் கோழிக்கு அதிகமாப் பாயும், காஞ்ச காலுக்குக் கம்மி. மீட்டர் காட்டறது மொத்தம் மட்டும். 50 ஹெர்ட்ஸ்ல இதயம் துடிதுடிச்சு நின்னுபோற வாய்ப்பு கூட. அதிர்வெண்ணை நூத்துக்கணக்குல ஏத்தினா அது குறையும், ஆனா மயக்கமும் சீக்கிரம் தெளியும். சோதிக்கிற வழி லேசு: மயங்கின கோழிகளை அறுக்காம வரிசையில இருந்து எடுத்துத் தரையில விடுங்க. எந்திரிச்சு நிக்கணும். நிக்கலைன்னா மின்னோட்டமே கொன்னுருச்சு, அந்த அமைப்பு ஆகாது.

வலி விசயத்துல ரெண்டு தரப்பும் தனக்குப் பிடிச்ச ஆய்வை மட்டும் எடுத்துக்குது. 1978ல ஹன்னோவர்ல ஷுல்ட்சே குழு ஆடு, கன்னு மேல இ.இ.ஜி. (மூளை மின் பதிவு) வெச்சு, நல்ல அறுப்புல வலி தெரியலைன்னு எழுதினாங்க. 2009ல நியூசிலாந்து மாஸ்ஸி பல்கலைக்கழகம் லேசான மயக்கத்துல கன்னுகளை வெச்சுப் பார்த்ததுல, கழுத்து வெட்டுக்கு மூளை வலிக்கான பதில் கொடுக்குதுன்னு வந்துச்சு. துறைன்னு பேர் வெச்சா ரெண்டையும் பாடத்துல வெச்சுத்தான் ஆகணும்.

கோட்டைமேட்டு ராவுத்தர், 2 பிப்ரவரி

டாக்டர், முட்டைக்கும் வளைகுடாவுல தீவனம் கேக்கறாங்களாமே?

தீவன டாக்டர், 3 பிப்ரவரி

கேப்பாங்க. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள் வரைக்கும் சிக்கல் இல்லை. எலும்பு-இறைச்சித்தூள் வந்தா எந்த மிருகம்னு கேள்வி வரும். அசுத்தம் தின்ன கோழியை மூணு நாள் சுத்தத் தீனி போட்டுக் கட்டிவெக்கணும்னு உங்க ஃபிக்ஹ்ல இருக்கறதை நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டைக்கு நான் பார்க்கறது தீவனப் பில்லும் மில்லோட ஃபார்முலாவும்.

மடத்துக்குளம், 4 பிப்ரவரி

நம்ம தெருக் கடையில அறுத்து நீல டிரம்முல போட்டு மூடறாங்களே, அது சரியா?

தீவன டாக்டர், 4 பிப்ரவரி

ஏற்றுமதி ஆலையைவிட அங்கதான் நான் கவலைப்படறது. டிரம்முக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கழுத்து மடங்கி ரத்தம் நின்னுரும். கோழி எடையில ஏழெட்டு சதவீதம் ரத்தம். நல்லா வடிஞ்சா அதுல பாதி வெளிய வரும். 2 கிலோக் கோழிக்கு 70 கிராம் சுத்தி. டிரம்முல அது வராது. கழுத்தடியும் இறக்கை நுனியும் செவசெவன்னு இருந்தா வடியலைன்னு அர்த்தம், சீக்கிரம் கெட்டும் போகும்.

இன்னும் மோசம், கூட்டம் இருந்தா அரை நிமிசத்துல எடுத்துச் சுடுதண்ணில முக்கறது. மூச்சு நிக்காத கோழி அந்தத் தண்ணியை உள்ள இழுக்கும். அறுத்துப் பார்த்தா நுரையீரல்லயும் காத்துப்பையிலயும் தண்ணி நிக்கும். அது அறுப்புல செத்துச்சா, தண்ணில செத்துச்சா? ராவுத்தர் சொல்லட்டும்.

கோட்டைமேட்டு ராவுத்தர், 4 பிப்ரவரி

உயிர் போறதுக்கு முன்னால தண்ணில முக்கறது எந்த மத்ஹபுலயும் கூடாது. முக்கினதாலதான் செத்துச்சான்னு சந்தேகம் வந்தா, வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன்.

தீவன டாக்டர், 5 பிப்ரவரி

தீர்வு சல்லிசு. டிரம்முக்குப் பதிலா தகரக் கூம்பு, தலைகீழா மாட்டி அடியில தலை வெளிய வர்ற மாதிரி. கோழி ரெக்கை அடிக்க முடியாது, தோள் எலும்பு உடையாது, ரத்தம் நேரா இறங்கும். ஒரு சட்டத்துல ஆறு கூம்பு இருந்தா, ஆறாவதை அறுக்கறதுக்குள்ள முதல் கோழிக்கு நேரம் ஆயிருக்கும். மூணு நிமிசம் விடணும். தண்ணில போடறதுக்கு முன்னால கண்ணு ஓரத்தைத் தொட்டுப் பாருங்க, இமை அசையக்கூடாது, மூச்சும் இருக்கக்கூடாது. தண்ணி 58, 60 டிகிரி. அதுக்கு மேல போனா தோல் வெந்து மெஷின்ல கிழியும்.

வெள்ளகோவில் வம்பன், 5 பிப்ரவரி

ஞாயித்துக்கிழமை காலையில மூணு நிமிசம் நிக்கச் சொன்னா நம்மாளு அடுத்த கடைக்குப் போயிருவான் டாக்டர்.

தீவன டாக்டர், 5 பிப்ரவரி

அடுத்த கடையிலயும் கூம்பு வெக்கச் சொல்லுங்க.